மஞ்சள் பிரேக் லைட் வந்துவிட்டது, இன்னும் எவ்வளவு தூரம் ஓட்டலாம்?

நெடுவழி

வணக்கம் நண்பர்களே. மீட்டரில் புதிதாக ஒரு மஞ்சள் லைட். நடுவில் ஒரு வட்டம், அதன் இரண்டு பக்கமும் விட்டுவிட்டு வளைந்த கோடுகள். முதலில் பிரேக் மிதிக்கும்போது மட்டும் வந்து வந்து போனது. இப்போது வண்டியை எடுத்தது முதல் நிறுத்தும் வரை அணைவதே இல்லை. மேனுவலைப் புரட்டினால் 'பிரேக் பேடைச் சோதிக்கவும்' என்று ஒரே வரி.

சத்தம் எதுவும் இல்லை. பெடல் எப்போதும்போல்தான் இருக்கிறது. வண்டி எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. ஆனால் இது இன்னொருவர் ஓட்டிய கார், கடைசியாக எப்போது பேட் மாற்றினார்கள் என்று சொல்ல ஆள் இல்லை.

வார இறுதியில் வீட்டாரோடு மலைப்பாதையில் ஒரு பயணம் வைத்திருக்கிறோம். போய்வந்து மாற்றிக்கொள்ளலாமா, அதற்கு முன்பே பார்த்துவிட வேண்டுமா?

கியர்முடிச்சு

பயப்படாதீங்க ப்ரோ. அது எச்சரிக்கை லைட்தான், பிரேக் போச்சுன்னு அர்த்தம் இல்லை. பேட்ல மூணு மி.மீ. மிச்சம் இருக்கும்போதே எரியற மாதிரிதான் செஞ்சிருப்பாங்க. இன்னும் ஆயிரம் கி.மீ. தாராளமா ஓடும். ஜாலியா போயிட்டு வாங்க, வந்து மாத்திக்கலாம்.

ஸ்பேனர்சாமி

ஆயிரம், ஐந்நூறு என்று கணக்குச் சொல்வதற்கு முன்னால் எரிவது எந்த லைட் என்று பார்ப்போம். பிரேக் சம்பந்தமாக மீட்டரில் மூன்று லைட் உண்டு. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள்தான் என்னிடம் அதிகம் வருவார்கள்.

வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி, நிறம் சிவப்பு என்றால், முதலில் ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறக்கியும் எரிந்தால் பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம், அல்லது பிரேக் லைனில் கோளாறு. ஓரமாக நிறுத்திப் பார்க்க வேண்டியது அது. பெடலும் கீழே போகிறது என்றால் வண்டியை எடுக்கவே கூடாது, ஏற்றிக்கொண்டு போக ஆள் கூப்பிடுங்கள்.

ஏ.பி.எஸ். என்று எழுத்து போட்டு மஞ்சளாக எரிந்தால், சாதாரண பிரேக் பிடிக்கும். திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வேலை மட்டும் நடக்காது. அதற்கும் பேடுக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை.

வட்டத்தைச் சுற்றி விட்டுவிட்டுக் கோடு, மஞ்சள் நிறம். அதுதான் பேட் தேய்மானம்; பேட் என்பது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை. தம்பிக்கு வந்திருப்பது இது. ஆனால் சில மாடல்களில் தேய்மானத்துக்கும் சிவப்பு லைட்டையே போட்டுவிட்டு, திரையில் எழுத்தில் சொல்வார்கள். அதனால் மேனுவலைத்தான் நம்ப வேண்டும், நான் சொல்வதையோ இங்கே வேறு யாராவது சொல்வதையோ இல்லை.

இனி கியர்முடிச்சு சொன்னதற்கு வருகிறேன். மூன்று மி.மீ. இருக்கும் என்பது சரியாக இருக்கலாம். ஆனால் எந்தப் பேடில் மூன்று மி.மீ.? காரில் நான்கு சக்கரத்திலும் டிஸ்க் இருந்தால், டிஸ்க்கின் உள்பக்கம் ஒன்று வெளிப்பக்கம் ஒன்று என்று எட்டு பேட். தேய்ந்ததைச் சொல்லும் சென்சார் எட்டிலும் இருக்காது. பல கார்களில் முன்னால் ஒரு சக்கரத்தில் ஒரே ஒரு பேடில் இருக்கும், நல்ல கார் என்றால் பின்னாலும் ஒன்று. பி.எம்.டபிள்யூ கார்கள் பலவற்றில் முன் இடது, பின் வலது என்று இரண்டே இரண்டு. மீதிப் பேட் எல்லாம் என்ன நிலையில் இருக்கின்றன என்று அந்த லைட்டுக்குத் தெரியாது. சென்சார் இருக்கும் பேடில் மூன்று மி.மீ. இருக்கும்போது, எதிர்ப்பக்கச் சக்கரத்தில் ஒரு மி.மீ.கூட இல்லாமல் இருப்பதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

அதனால் 'எவ்வளவு தூரம்' என்ற கேள்விக்கு, பார்த்த பிறகுதான் பதில். பார்க்காமல் மலைக்கு வேண்டாம்.

நெடுவழி

நன்றி அண்ணே. மஞ்சள்தான், கோடு கோடாகத்தான் இருக்கிறது. பார்ப்பது என்றால் வீட்டில் நானே பார்க்க முடியுமா, சக்கரத்தைக் கழற்ற வேண்டுமா?

கியர்முடிச்சு

சாமி அண்ணே, நீங்க மெக்கானிக், வர்ற வண்டியெல்லாம் கோளாறோடதான் வரும். அதனால உங்க கண்ணுக்கு எல்லாமே மோசமாத்தான் தெரியும் 😀

கணக்கைப் பாருங்க. புதுப் பேட் 11 மி.மீ.ன்னு வைங்க. 3 வரைக்கும் தேயறதுக்கு 40,000 கி.மீ. ஆகுதுன்னா, ஒரு மி.மீ.க்கு 5,000 கி.மீ. மிச்சம் இருக்கற மூணுல ஒண்ணு போனாக்கூட 5,000. ஆயிரம்னு நான் சொன்னதே குறைச்சல்தான்.

ஸ்பேனர்சாமி

கணக்கு சரி. எட்டு பேடும் ஒன்றுபோல் தேய்ந்தால், நேர் ரோட்டில் ஓட்டினால். இரண்டுமே நடக்காது.

பேட் சில சமயம் சாய்வாகத் தேயும், ஒரு ஓரம் கெட்டியாகவும் மறு ஓரம் மெல்லிசாகவும். சென்சார் கெட்டியான ஓரத்தில் உட்கார்ந்திருந்தால் லைட் தாமதமாகத்தான் வரும். அப்புறம், சமவெளியில் 5,000 கி.மீ.க்குத் தேய்வதை இறக்கத்தில் காலை பிரேக்கிலேயே வைத்து ஓட்டுபவர் எத்தனை சீக்கிரம் தேய்ப்பார் என்று எந்தக் கணக்கிலும் வராது.

நெடுவழி தம்பி, அலாய் வீல் என்றால் கம்பிகளுக்கு நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். வண்டி சூடு ஆறியிருக்கட்டும், டிஸ்க்கைத் தொட்டு விரலைச் சுட்டுக்கொள்ளாதீர்கள். பளபளவென்று தெரிவது டிஸ்க். அதைக் கவ்வியிருப்பது கேலிப்பர். டிஸ்க்கை ஒட்டி இரும்புத் தகடும் அதன்மேல் ஒட்டிய கருப்புப் பொருளும் தெரியும். கருப்புப் பகுதியின் தடிமனைத்தான் அளக்க வேண்டும், தகட்டைச் சேர்த்து அளந்துவிடாதீர்கள். புதிதாக இருக்கும்போது 10 முதல் 12 மி.மீ. வரை இருக்கும். 3 மி.மீ. வந்தால் மாற்றிவிடுவது நல்லது. 2 மி.மீ. என்றால் அதற்குமேல் பேச்சே இல்லை.

வெளிப்பேட் மட்டும்தான் இப்படித் தெரியும். உள்பேடைப் பார்க்கச் சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டும். இது முக்கியம், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

தேன்மொழி_பொறி

லைட் முதலில் பிரேக் மிதிக்கும்போது மட்டும் வந்து போனது, பிறகு நிலையாக எரிகிறது என்று நெடுவழி எழுதியிருந்தார். அதற்குக் காரணம் உண்டு, சொல்கிறேன்.

சென்சார் என்று பெரிதாகச் சொல்கிறோமே தவிர, அது பேடுக்குள் குறிப்பிட்ட ஆழத்தில் புதைத்த ஒரு ஒயர்தான். பேட் அந்த ஆழம் வரை தேய்ந்ததும் ஒயரின் முனை சுழலும் டிஸ்க்கில் உரசும். டிஸ்க் வண்டியின் உடலோடு மின்தொடர்பு உள்ளது, ஆகவே சுற்று எர்த் ஆகி லைட் எரியும். தொடக்கத்தில் பிரேக் அழுத்தும்போது மட்டும் ஒயர் தொடும், விட்டால் விலகும். அதனால்தான் வந்து வந்து போகிறது. இன்னும் தேய்ந்ததும் ஒயர் அறுந்துவிடும். சுற்று அறுந்தால் நிலையாக எரியும்படி பல கார்களில் அமைத்திருக்கிறார்கள். நெடுவழியின் கார் இரண்டாவது கட்டத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சில கார்களில் இது இன்னும் நுணுக்கம். பி.எம்.டபிள்யூ போன்றவற்றில் இரண்டு ஆழத்தில் இரண்டு வளையங்கள். முதலாவது அறுந்தால் மின்தடை மாறும், கணினி அந்தத் தருணத்தையும் சக்கர வேகம் போன்ற தகவல்களையும் வைத்து இன்னும் எத்தனை கி.மீ. என்று மதிப்பிட்டுக் காட்டும். இரண்டாவதும் அறுந்தால் உடனே மாற்று என்று சொல்லும். அத்தகைய காரில் மட்டும் 'இன்னும் எவ்வளவு தூரம்' என்ற கேள்விக்கு ஓரளவு பதில் உண்டு. ஒரே ஒயர் உள்ள காரில் லைட்டுக்கு எண்ணத் தெரியாது.

மலைப்பாதை பற்றிப் பேசுவோம். பேடின் உராய்வுப் பொருள் டிஸ்க்கைப் பிடிக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதன் இன்னொரு வேலை, டிஸ்க்கில் பிறக்கும் சூட்டை, பேடைத் தள்ளும் பிஸ்டனுக்கும் பிரேக் ஆயிலுக்கும் போகவிடாமல் தடுப்பது. பேட் மெலிந்தால் அந்தத் தடுப்பும் மெலிகிறது. டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் தன்மை உடையது. ஈரம் ஏறிய ஆயிலுக்கு வகுத்திருக்கும் அளவு 155 டிகிரிதான். டாட் 3 என்றால் 205, ஈரம் ஏறினால் 140. நீண்ட இறக்கம், மெல்லிய பேட், பல ஆண்டு பழைய ஆயில் மூன்றும் சேர்ந்தால் ஆயிலில் நீராவிக் குமிழிகள் உண்டாகும். குமிழி அழுந்தும், ஆயில் அழுந்தாது. பெடல் பஞ்சுபோல் கீழே போவது அப்போதுதான்.

கியர்முடிச்சு சொல்லும் ஆயிரம் கி.மீ. தேய்மானக் கணக்கு. இறக்கத்தில் கவலைப்பட வேண்டியது சூட்டுக் கணக்கைப் பற்றி. முந்தைய உரிமையாளர் எப்போது ஆயில் மாற்றினார் என்றும் இங்கே தெரியாது அல்லவா?

நெடுவழி

அதுவும் தெரியாது அக்கா. ஆயில் டப்பாவைத் திறக்காமல் வெளியிலிருந்து பார்த்தேன், குறைந்தபட்சக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. நிறம் டீக்கஷாயம் மாதிரி.

சக்கரவர்த்தி77

ஆயில் குறைஞ்சதாலதான் லைட்டு. மேல கோடு வரைக்கும் ஊத்துங்க, அணைஞ்சிடும். எனக்கு வளைவுல திரும்பறப்ப லைட்டு மினுக்கி மினுக்கி வந்துச்சு, கொஞ்சம் ஊத்தினேன், சரியாப் போச்சு.

ஸ்பேனர்சாமி

உங்களுக்கு வளைவில் மினுக்கியது சிவப்பு லைட்டாக இருந்திருக்கும். டப்பாவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும்போது மிதவை கீழே இறங்கி எரியும். மஞ்சள் தேய்மான லைட் ஆயில் ஊற்றினால் அணையாது.

ஊற்றி அணைத்ததும் நல்ல காரியம் இல்லை. ஆயில் எங்கே போனது? கசிவு இல்லை என்றால் எங்கேயும் போகவில்லை, கேலிப்பருக்குள்தான் இருக்கிறது. பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வரும், அது விட்ட இடத்தை நிரப்ப ஆயில் டப்பாவிலிருந்து இறங்கும். மட்டம் குறைவதே பேட் தேய்ந்ததற்கு அடையாளம். அதை ஊற்றி நிரப்பினால் அடையாளம் மறைந்துவிடும். நாளைக்குப் புதுப் பேட் போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ளுவார்கள், அத்தனை ஆயிலும் திரும்பி வந்து டப்பாவிலிருந்து வழியும். பெயின்ட் மேல் பட்டால் உரித்து எடுத்துவிடும் அந்த ஆயில். பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

புதுப் பேட் இருந்தும் மட்டம் குறைகிறது என்றால் அது கசிவு. சக்கரத்தின் உள்பக்கம், குழாய் இணைப்பு, பெடலுக்குப் பின்னால் எல்லாம் ஈரமா என்று பார்க்க வேண்டும்.

மெதுவாய்ப்போ

என் காரில் இப்படி லைட்டே இல்லை, மீட்டரில் தேடிப் பார்த்துவிட்டேன். ஆனால் பிரேக் போட்டால் முன்னாலிருந்து கீச்சென்று ஒரு சத்தம். சில நாள் காலையில் மட்டும், சில நாள் பகல் முழுக்க. இதுவும் அதுதானா?

தேன்மொழி_பொறி

சென்சார் இல்லாத கார்களில் பேடின் தகட்டில் ஒரு சிறு எஃகுப் பட்டை வைத்திருப்பார்கள். பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். எச்சரிப்பதற்காகவே வைத்த சத்தம். பெரும்பாலும் உள்பேடில் இருக்கும்.

காலையில் முதல் சில தடவை மட்டும் சத்தம் வந்து பிறகு நின்றுவிட்டால், இரவுப் பனியிலோ மழையிலோ டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு என்று எடுத்துக்கொள்ளலாம். பகல் முழுக்க வருகிறது என்றால் பேடைப் பாருங்கள். கீச்சு போய் 'கரகர' என்று அரைக்கும் சத்தம் வந்தால் பேட் முடிந்து தகடு டிஸ்க்கில் ஓடுகிறது என்று பொருள், அதன்பிறகு ஓட்டக் கூடாது. டிஸ்க் பாழாவது ஒருபுறம். பிஸ்டன் அளவுக்கு மீறி வெளியே வந்து ஆயில் சிந்தினால் பிரேக்கே போய்விடும்.

கியர்முடிச்சு

அரைக்கற வரைக்கும் ஓட்டுன்னு நான் எங்கயும் சொல்லல, பதிவு பண்ணிக்கறேன்.

ஒயர்மேன்_குட்டி

இழையைக் கொஞ்சம் திருப்பறேன், மன்னிக்கணும். நான் புதுப் பேட் போட்டாச்சு, லைட் இன்னும் அணையல. போட்டவர் சென்சார் ஒயர் ரெண்டையும் வெட்டி முறுக்கிச் சேர்த்துடலாம், லைட் போயிடும்கிறார். செய்யலாமா?

ஸ்பேனர்சாமி

பழைய சென்சாரையே புதுப் பேடில் மாட்டியிருப்பார்கள். ஒருதடவை உரசி அறுந்த சென்சார் திரும்ப வேலைக்கு ஆகாது, பேடோடு புதிது போட வேண்டிய பொருள் அது. சில பேட் செட்டில் கூடவே வரும், சிலவற்றில் தனியாக வாங்க வேண்டும். புதிது போட்டும் அணையவில்லை என்றால் ஒயரை இணைக்கும் கப்ளர் சரியாக உட்கார்ந்ததா, உள்ளே பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சில கார்களில் மீட்டர் மெனுவிலோ, காரின் கணினியில் மாட்டும் ஸ்கேனர் வைத்தோ ரீசெட் செய்தால்தான் அணையும்.

தேன்மொழி_பொறி

ஒயரை முறுக்குவது பற்றி. சுற்று அறுந்தால் எரியும் வகையில் முறுக்கினால் லைட் அணையும். டிஸ்க்கில் தொட்டு எர்த் ஆனால் எரியும் வகையில் முறுக்குவதால் பயன் இல்லை. இரண்டு கட்ட சென்சாரில் அணைந்தாலும் மீதி கி.மீ. கணக்குக்கு அர்த்தம் இருக்காது. எந்த வகையாக இருந்தாலும் அடுத்த தடவை பேட் தேயும்போது லைட் வராது. காரை விற்றால் வாங்குபவருக்கும் தெரியாது. சென்சார் கைக்கு வரும் வரை என்றால் பரவாயில்லை, எரிந்துகொண்டே இருக்கட்டும். பேட் புதிது என்பது உங்களுக்குத் தெரியுமே.

நெடுவழி

டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன். முன்னால் இரண்டு பக்கமும் வெளிப்பேட் கண்ணளவில் 5, 6 மி.மீ. இருக்கும். பின்னால் டிரம், எதுவும் தெரியவில்லை. அப்படியானால் லைட் பொய் சொல்கிறதா? ஒயர் எங்காவது கல்லடித்து அறுந்திருக்குமோ?

கியர்முடிச்சு

பாத்தீங்களா! அஞ்சு மி.மீ. இருக்கு. கிளம்புங்க மலைக்கு.

ஸ்பேனர்சாமி

கிளம்பாதீர்கள். உள்பேடைப் பார்த்தீர்களா?

ஒயர் அறுந்தும் லைட் வரும், உண்மைதான். ஆனால் வெளிப்பேட் நன்றாக இருக்கிறது, லைட் எரிகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது ஸ்லைடு பின்னை, அதாவது கேலிப்பர் வழுக்கி நகரும் கம்பியை. காரணம் இதுதான். பெரும்பாலான கார்களில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான் இருக்கும். பெடலை மிதித்தால் பிஸ்டன் உள்பேடைத் தள்ளும். எதிர்விசையில் கேலிப்பர் முழுதும் இரண்டு பின்களின் மேல் வழுக்கி உள்ளே நகர்ந்து, வெளிப்பேடை டிஸ்க்கோடு இழுத்து அழுத்தும். அந்தப் பின்கள் துருவேறியோ கிரீஸ் காய்ந்தோ இறுகிவிட்டால் கேலிப்பர் நகராது. வெளிப்பேட் சும்மா பேருக்கு இருக்கும், உள்பேட் தனியாக உழைத்துத் தேயும். பிஸ்டன் திரும்ப உள்ளே போகாமல் சிக்கிக்கொண்டாலும் இதே கதை.

அப்படி ஒரு சக்கரத்தில் இருந்தால் பேடை மட்டும் மாற்றிப் பயன் இல்லை. புதுப் பேடும் அதே மாதிரி பாதியில் முடியும். 'போன தடவை போட்ட பேட் மட்டம்' என்று திட்டிக்கொண்டு வருபவர்களில் பாதிப் பேரின் பின் இறுகித்தான் இருக்கும்.

இன்னொரு சோதனை. கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்திவிட்டு ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் மற்றதைவிட அனல் வீசினால் அங்கேதான் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மெதுவாய்ப்போ

பின் டிரம்முக்கு லைட் உண்டா சாமி சார்?

ஸ்பேனர்சாமி

நான் பார்த்த வரையில் சாதாரணக் காரில் இல்லை. ஹேண்ட் பிரேக் வழக்கத்தைவிட மேலே வந்தால்தான் பிடிக்கிறது என்றால் ஷூ (டிரம்முக்குள் பேடின் வேலையைச் செய்வது) தேய்ந்திருக்கலாம், கேபிள் தளர்ந்தும் இருக்கலாம். டிரம்மைக் கழற்றித்தான் பார்க்க முடியும். முன்பேட் மாற்றும்போது கூடவே ஒருதடவை பார்த்துவிடுங்கள்.

நெடுவழி

கொடுத்துப் பார்த்தாகிவிட்டது, பயணத்துக்கு முன்பே.

சாமி அண்ணன் சொன்னது அப்படியே. முன்னால் ஒரு சக்கரத்தில் உள்பேட் 2 மி.மீ.க்கும் கீழே, அதில்தான் சென்சார். அதே சக்கரத்தின் வெளிப்பேட் 6. எதிர்ப்பக்கச் சக்கரத்தில் இரண்டும் 5 வாக்கில் சமமாக இருக்கின்றன. இறுகியது ஒரு பின்தான், கீழ்ப்பின். அதன் ரப்பர் உறை கிழிந்து உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. புதுப் பின், புது உறை, அதற்கான கிரீஸ் போட்டார்கள். பிஸ்டன் தடங்கலில்லாமல் உள்ளே போனது. டிஸ்க்கை அளந்தார்கள், ஓரத்தில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்கு மேலேயே இருக்கிறது. ஆயில் முழுதும் மாற்றினார்கள். பின்சக்கர டிரம் ஷூ பரவாயில்லை.

எதிர்ப்பக்கப் பேட் 5 மி.மீ. இருக்கும்போது அதையும் சேர்த்து மாற்றினார்கள். தேவையா?

இன்னொன்று, புதுப் பேட் போட்டதும் பிரேக் முன்பைவிட மந்தமாக இருக்கிறது. இதற்கு பழையதே தேவலை போலிருக்கிறது.

தேன்மொழி_பொறி

தேவை. ஒரு அச்சின் இரண்டு சக்கரமும் ஒரே அளவு பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது, அதுவும் வேறு தயாரிப்பு என்றால் அவசர பிரேக்கில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அந்த 5 மி.மீ. பேடைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தாலும் தனியாக அதை மட்டும் மீண்டும் போட்டுவிடாதீர்கள்.

மந்தமாக இருப்பது இயல்பு. பழைய டிஸ்க்கில் பழைய பேடின் தடம் இருக்கிறது, புதுப் பேடின் முகம் அதோடு இன்னும் முழுதாகப் பொருந்தவில்லை. ஆள்நடமாட்டம் இல்லாத சாலையில், பின்னால் வண்டி வராதபோது, மணிக்கு 60 கி.மீ.யிலிருந்து 10 வரை நிதானமான அழுத்தத்தில் குறையுங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். கொஞ்ச தூரம் ஓடவிட்டு ஆறவைத்து மறுபடியும். எட்டு, பத்து முறை போதும். சூடான பேடை அழுத்திக்கொண்டே நிறுத்தினால் அந்த இடத்தில் மட்டும் பேடின் பொருள் திட்டாகப் படியும், பிறகு பிரேக் போடும்போதெல்லாம் ஸ்டியரிங் நடுங்கும். அதற்கு டிஸ்க் வளைந்துவிட்டது என்று காரணம் சொல்வார்கள். பல நேரம் அது திட்டுதான். பேட் தயாரிப்பாளர் வேறு முறை சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். முதல் 300 கி.மீ. வரை அவசர பிரேக்கைத் தவிர்ப்பது நல்லது.

ஆனால் மந்தம் வேறு, பெடல் பஞ்சாக இருப்பது வேறு. ஆயில் மாற்றிய பிறகு பெடல் மெத்தென்று அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது, மலைக்குப் போவதற்கு முன் திரும்பக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

நெடுவழி

பெடல் கெட்டியாகத்தான் இருக்கிறது அக்கா. 60லிருந்து 10 செய்து பார்க்கிறேன்.

கியர்முடிச்சு

எல்லாம் சரி, ஆனா 2 மி.மீ. இருந்துச்சுல்ல? தகடு டிஸ்க்ல படலையே? நான் சொன்ன ஆயிரம் ஓடியிருக்கும் 😀

ஸ்பேனர்சாமி

சமவெளியில் ஓடியிருக்கும். இறுகிய பின்னோடு, கஷாய ஆயிலோடு, வீட்டாரை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் ஓடியிருக்குமா என்று நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள், நான் வரவில்லை.

நெடுவழி தம்பி, இறக்கத்தில் எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள், ஆட்டோமேட்டிக் என்றால் கீழ் கியரில் நிறுத்திவையுங்கள். பிரேக்கை அழுத்தி, வேகம் குறைந்ததும் விட்டுவிட வேண்டும். லேசாகத் தடவிக்கொண்டே வரக் கூடாது.

பேட்டரிவண்டி

மின்சாரக் காருக்கு இந்தத் தலைவலி இல்லை, மோட்டாரே பாதிக்கு மேல் நிறுத்திவிடுகிறது என்று எழுத வந்தேன். பேட் தேயவில்லைதான். ஆனால் சர்வீஸில் டிஸ்க் துருப்பிடித்திருக்கிறது, பின் இறுகுகிறது என்கிறார்கள். பயன்படுத்தாததாலா?

ஸ்பேனர்சாமி

ஆமாம். பேட் உரசினால்தான் டிஸ்க் துரு போகும், கேலிப்பர் நகர்ந்தால்தான் பின் இறுகாது. உங்கள் காரில் தேய்மான லைட் வருவதற்குள் பின் இறுகிவிடும். பேட் கனமாக இருந்தாலும் கழற்றிப் பின்னைச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். அவ்வப்போது சாலை காலியாக இருக்கும்போது கொஞ்சம் அழுத்தமாகப் பிரேக் போடுங்கள்.

ஒயர்மேன்_குட்டி

புது சென்சார் போட்டு ரீசெட் பண்ணினாங்க, லைட் அணைஞ்சிடுச்சு. நன்றி. அடுத்து பின்பேடை நானே வீட்ல மாத்தலாம்னு இருக்கேன். ஹேண்ட் பிரேக் பட்டன் வகை. பிஸ்டனை சி-கிளாம்ப் வெச்சு அமுக்கினா போதும்ல?

ஸ்பேனர்சாமி

போதாது, அமுக்கவும் கூடாது. பட்டன் வகையில் பெரும்பாலும் கேலிப்பரோடு ஒரு சிறு மோட்டார் இருக்கும். முதலில் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவந்து மோட்டாரைப் பின்வாங்கச் செய்ய வேண்டும். சில காரில் மீட்டரிலேயே அதற்கு வழி உண்டு, பலவற்றுக்கு ஸ்கேனர் வேண்டும். அதைச் செய்யாமல் கிளாம்ப் போட்டால் உள்ளே இருக்கும் பற்சக்கரம் உடையலாம். நெம்புகோல் ஹேண்ட் பிரேக் காரிலும் பின்பிஸ்டனைப் பல இடங்களில் நேராக அமுக்க முடியாது, திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும்.

மேனுவலில் வழி இல்லை என்றால் பின்பக்கத்தைத் தெரிந்தவரிடம் விடுங்கள். நீங்களே செய்வதானால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வையுங்கள். கேலிப்பரை ஆயில் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். பிரேக் தூளைக் காற்றடித்தோ வாயால் ஊதியோ பறக்கவிடாதீர்கள். வேலை முடிந்ததும், வண்டியை நகர்த்துவதற்கு முன்னால், பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். முதல் மிதியில் அது அடியோடு போகும். அதைச் செய்யாமல் வண்டியைப் பின்னால் எடுத்துச் சுவரில் விட்டவர்கள் இருக்கிறார்கள்.